விற்பதற்காக வெள்ளையடித்த வீடு

வீட்டை விற்பதென்று முடிவெடுத்தவள் நான். பிள்ளைகள் அதற்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள்தான். ஆனால் ஒரு மத்தியானம் நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது என் கணவர் படலையைத் திறந்துகொண்டு போய், துறைமுக வாசலில் நின்று, "நேரமாச்சு, என்னை உள்ள விடும்" என்று காவலாளியோடு மல்லுக்கட்டிய பிறகுதான் என் மனம் அதற்கு இணங்கியது.

அவர் அந்தத் துறைமுகத்தில் இழுவைப் படகொன்றின் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர். வெளியே நிற்கும் கப்பலைக் கட்டி இழுத்து உள்ளே கொண்டுவரும் படகு. ஓய்வு பெற்று எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. காவலுக்கு நின்றவருக்கு அவரைத் தெரியாது. எங்களை அறிந்த ஓட்டோக்காரர் ஒருவர்தான் கண்டு, ஏற்றிக்கொண்டு வந்து விட்டார். இடுப்பில் கட்டிய சாரத்தோடு, செருப்பில்லாமல் போயிருந்தார். தார் றோட்டில் நடந்து உள்ளங்கால் கொப்பளித்திருந்தது. நான் மருந்து பூசிக்கொண்டிருக்க, "இண்டைக்கு லீவு எண்டு ஏன் நீர் எனக்குச் சொல்லேல்ல?" என்று என்னைக் கோபித்தார்.

மறதி நோய் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மாறாது, கூடிக்கொண்டுதான் போகும் என்றும் சொல்லியிருந்தார். எனக்கோ முழங்கால் நோ. அவர் பின்னால் ஓட ஏலாது. மகள் பாலையூற்றில் குடும்பத்தோடு இருக்கிறாள். அவளுடைய வளவுக்கு அடுத்த வளவில் ஒரு சின்ன வீடு விலைக்கு வந்தது. அதை எடுக்க வேண்டுமென்றால் இதை விற்க வேண்டும்.

எங்கள் வீடு உட்துறைமுகத்துக்குக் கிட்ட, ஒரு ஒழுங்கைக்குள் இருந்தது. வேலைக்கு நடந்து போய்வரலாம் என்று பார்த்து அவர் வாங்கிய காணி. அறை அறையாக, வருஷக்கணக்கில் கட்டினோம். சண்டை நடந்த பிரச்சினைக் காலத்தில் விட்டுவிட்டு ஓடியிருக்கிறோம். திரும்பி வந்து யன்னல் கதவில்லாத வீட்டைக் கூட்டித் துடைத்து மறுபடியும் இருந்திருக்கிறோம். உள்ளே எல்லாச் சுவரும் நீலம். கொஞ்சம் பச்சை கலந்த நீலம். கடையில் அந்த நிறம் கிடையாது. அவரே இரண்டு டின் பெயின்றை வாளியில் ஊற்றித் தடியால் கலக்கி, சுவரில் ஒரு கோடு இழுத்துப் பார்த்து, தலையை ஆட்டி, திரும்பவும் கலக்குவார். அவருக்குப் பிடித்த நிறம் வரும்வரை எங்கள் ஒருவருக்கும் சாப்பாடு கிடையாது.

வீடு விற்றுத் தருவதாகச் சொன்ன தரகர் கிண்ணியாக்காரர். அக்கரையில் இருந்து பாலத்தால் மோட்டார்சைக்கிளில் வருவார். நல்ல மனிதர். முதலில் அவர் கூட்டிவந்த ஆட்கள் வீட்டை முழுதாகப் பார்க்கக்கூட இல்லை. ஒரு பெண் வாசலில் நின்றே, "இருட்டாக் கிடக்கு" என்றாள். இன்னொருவர் குசினிவரை வந்து, "இதை இடிச்சுப்போட்டுத்தான் கட்டோணும்" என்று எனக்குக் கேட்கத்தக்கதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவர்கள் போன பிறகு தரகர் வெளியே கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார்.

"அக்கா, ஊடு நல்ல ஊடுதான். ஆனா பாக்கிற கண்ணுக்குப் பழசாத் தெரியுது. ஹோலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில நிக்கிற செவர எடுங்க. வெள்ளையடிங்க. இந்த அலுமாரி, பழைய சாமான், படம் எல்லாத்தையும் அகத்துங்க. வாற ஆக்களுக்கு அவங்கட ஊடு மாதிரித் தெரியோணும். ஒங்கட ஊடு மாதிரித் தெரியக்கூடாது."

அன்று பின்னேரம் கனடாவில் இருக்கும் மகனும் தொலைபேசியில் அதையேதான் சொன்னான். "இஞ்ச எல்லாரும் இப்பிடித்தான் அம்மா. வீட்டைச் சோடிச்சுத்தான் காட்டுறது. அதுக்கெண்டே ஆக்கள் இருக்கினம். சாமான் எல்லாம் வாடகைக்குக் கொண்டுவந்து வைப்பினம்." சில வீடுகளின் படங்களையும் அனுப்பினான். எல்லா அறையும் வெள்ளை. எல்லாக் கட்டிலிலும் தேவைக்கு மேலே தலையணை. யாரும் படுத்த கட்டிலாகத் தெரியவில்லை.

மேசன் வந்தார். நடுச்சுவரை உடைக்கத் தொடங்கிய நாளில் என் கணவருக்கு நல்ல உற்சாகம். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். "மெல்லமா அடி, மெல்லமா அடி, மேல பாரம் இருக்கு" என்று சத்தம் போட்டார். கல் விழ விழ, எங்கள் வீட்டில் ஏதோ புதிதாகக் கட்டுகிறார்கள் என்றே நினைத்துக்கொண்டார். மேசனுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்து, "மகளுக்கு ஒரு அறை எடுக்கிறம்" என்றார். மகளுக்கு அறை எடுத்தது அவள் பெரிய பிள்ளையான வருஷம். நான் திருத்தவில்லை. அந்தக் கிழமை அவர் நன்றாகச் சாப்பிட்டார், நன்றாக நித்திரை கொண்டார்.

பெயின்ற் அடித்தபோதுதான் எல்லாம் மாறியது.

நான் ஒன்றைக் கவனித்திருக்கவில்லை. என் கணவர் அந்த வீட்டுக்குள் நினைவால் நடக்கவில்லை, கையால் நடந்துகொண்டிருந்தார். கட்டிலால் எழும்பினால் வலக்கை அலுமாரியைத் தொடும். அலுமாரி முடிய நீலச் சுவர். சுவர் வளையும் இடத்தில் நாட்காட்டி. அதற்குப் பக்கத்தில் குளியலறைக் கதவு. அவ்வளவுதான் அவருடைய வழி. நாங்கள் அலுமாரியை மகளின் வீட்டுக்கு ஏற்றினோம். நாட்காட்டியைக் கழற்றினோம். சுவரெல்லாம் வெள்ளையடித்தோம். கதவையும் வெள்ளையடித்தோம்.

பெயின்ற்காரர்கள் வேலை முடித்துப் போன அடுத்த நாள் காலமை, நான் வெளியில் உடுப்புக் காயப்போட்டுவிட்டு உள்ளே வந்தேன். அவர் ஹோலின் நடுவில் நின்றார். எந்தப் பக்கமும் தொடுவதற்கு ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் கொஞ்சம் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். சாரம் நனைந்து, காலடியில் தண்ணியாக இருந்தது.

நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். வெட்கத்தில் கண் கலங்கியிருந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ," என்றார். "உங்கட வீட்டை ஊத்தையாக்கிப் போட்டன்."

அதற்கு முதல் நாள்வரை அவர் என்னை 'நீர்' என்றுதான் சொன்னார். கலியாணம் கட்டிய நாள்தொட்டு அதுதான் எங்கள் கதை. கோபமென்றாலும் 'நீர்', அன்பென்றாலும் 'நீர்'. 'நீங்கள்' என்பது வெளி ஆட்களுக்கு, மரியாதைக்கு உரியவர்களுக்கு. அந்தக் காலமையில் நான் அவருக்கு ஒரு வீட்டுக்காரி ஆனேன், அவர் என் வீட்டுக்கு வந்த விருந்தாளி ஆனார்.

அவரைக் கழுவி, உடுப்பு மாற்றி இருத்திவிட்டு மகளுக்கு அழைப்பெடுத்தேன். அவள் வேலையால் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு வந்தாள். தகப்பனைப் பார்த்துவிட்டுக் குசினிக்குள் வந்து அழுதாள்.

"அம்மா, திரும்ப நீலம் அடிப்பம். விக்காட்டிப் பரவாயில்ல."

"அந்த நீலம் எனக்குக் கலக்கத் தெரியாது பிள்ளை."

அவள் போய் அவரிடம் கேட்டாள். "அப்பா, எங்கட சுவருக்கு என்ன என்ன கலக்கிறனீங்கள்?" அவர் யோசித்தார். மரியாதையாக, உதவி செய்ய விரும்புகிறவர் மாதிரி யோசித்தார். பிறகு, "எந்தச் சுவருக்கு?" என்று கேட்டார்.

நிறத்தை மாற்றினாலும் சுவர் இடிந்தது இடிந்ததுதான். நாங்கள் தொடங்கியதை முடிப்பது என்று முடிவெடுத்தோம். சீக்கிரம் விற்றால் சீக்கிரம் அவரை ஒரு இடத்தில் நிலையாக இருத்தலாம் என்று மகள் சொன்னாள். எனக்கும் வேறு வழி தெரியவில்லை.

கலியாண வீடுகளுக்கு மணவறை சோடிக்கும் கடையொன்றில் சோபா வாடகைக்கு எடுத்தோம். அதோடு கண்ணாடி மேசை, வெள்ளைத் திரைச்சீலை, காகிதப் பூக்கள், ஒரு கண்ணாடிக் கோப்பையில் பிளாஸ்டிக் அப்பிள். சாமிப் படங்களை ஒரு பெட்டியில் வைத்துத் துணி போட்டு மூடினேன். எங்கள் கலியாணப் படத்தையும் அதற்குள்தான் வைத்தேன். வாசலில் வைக்கச் சொல்லி தரகர் பூச்சாடிகள் கொண்டுவந்து தந்தார். படலையை யாரோ பூட்டாமல் விட, விடியப் பார்த்தால் மான்கள் வந்து தண்டு மட்டும் மிச்சம் விட்டுப் போயிருந்தன. எங்கள் பக்கத்தில் மான்கள் றோட்டில் திரிவதும் வளவுக்குள் புகுவதும் புதினமில்லை. ஆனாலும் அன்று அந்தத் தண்டுகளைப் பார்த்து நானும் மகளும் கனகாலத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தோம். சிரிப்புச் சத்தம் கேட்டு அவர் எட்டிப் பார்த்தார். நாங்கள் அவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். "பாவம், பசி" என்றார்.

அன்று மத்தியானம் சோபாவில் இருந்து, கத்தியால் பிளாஸ்டிக் அப்பிளை வெட்டிக்கொண்டிருந்தார். வெட்டுப்படவில்லை. பொறுமையாக மறுபக்கம் திருப்பி வெட்டினார்.

"அது இன்னும் பழுக்கேல்ல," என்று சொல்லிக் கத்தியை வாங்கினேன்.

"ஓம், காயாத்தான் இருக்கு," என்று என்னிடம் தந்தார்.

ஆட்கள் வீடு பார்க்க வரும்போது அவரை வெளியே கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருந்தார் தரகர். அதைச் சொல்ல அவருக்கே வாய் வரவில்லை. "ஐயாவுக்கும் காத்துப் பட்ட மாதிரி இருக்கும்" என்று சுற்றி வளைத்துச் சொன்னார். எனக்கு விளங்கியது. வருத்தக்காரர், நோயாளி ஒருவர் இருக்கும் வீட்டை ஆட்கள் சந்தோசமாகப் பார்க்க மாட்டார்கள். அதனால் யாரும் வருவதென்றால் நாங்கள் இருவரும் ஓட்டோவில் கடற்கரைக்குப் போய், மர நிழலில் இருப்போம். அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வந்தவர்கள் போய்விட்டார்கள் என்று தரகர் சொன்னதும் திரும்புவோம். சொந்த வீட்டுக்குத் திரும்ப இன்னொருவரிடம் அனுமதி கேட்டுக் காத்திருந்த பின்னேரங்கள் அவை.

ஒரு நாள் நல்ல மழை. இந்த மழைக்குள் யாரும் வரமாட்டார்கள் என்று நாங்கள் வீட்டில் இருந்துவிட்டோம். மழை விட்ட கையோடு படலையில் வான் ஒன்று வந்து நின்றது, பின்னாலேயே தரகரின் மோட்டார்சைக்கிள். தோப்பூரில் இருந்து புருஷனும் பெண்சாதியும் வந்திருந்தார்கள். அவர்களுக்கு அங்கே நெல் ஆலை. பிள்ளைகளைப் பட்டணத்தில் படிக்க வைக்க வீடு தேடுகிறார்கள். பாதையில் சிக்னல் இல்லாததால் அழைப்பெடுக்க முடியவில்லை என்று தரகர் என்னிடம் கையைப் பிசைந்தார். கணவர் அறையில் படுத்திருக்கிறார், எழும்ப மாட்டார் என்று சொல்லி அவர்களை உள்ளே கூப்பிட்டேன்.

தரகர் ஹோலைக் காட்டிக்கொண்டிருக்கும்போது அறைக் கதவு திறந்தது. அவர் சேட்டைப் போட்டு, எல்லாப் பொத்தானும் பூட்டி, தலைமயிர் வாரி இழுத்து வந்து நின்றார். வந்தவர்களைப் பார்த்துத் தலை அசைத்தார்.

"நீங்களும் வீடு பாக்கவோ வந்தனீங்கள்?"

தோப்பூர்க்காரர் தரகரைப் பார்த்தார். தரகர் என்னைப் பார்த்தார்.

"ஓம் ஐயா," என்றார் தோப்பூர்க்காரர்.

"நானும் அதுக்குத்தான் வந்தனான். வாங்கோ, பாப்பம்."

அவர்தான் முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். ஒவ்வொரு அறையாகப் போய் நின்று பார்த்தார். சுவரை விரல் மடக்கித் தட்டினார். காதை வைத்துக் கேட்டார்.

"சுவர் பலம். ஆர் கட்டினவனோ, கவனமாக் கட்டியிருக்கிறான். இப்ப ஆர் இப்பிடிக் கட்டுறாங்கள்?"

குசினியில் பைப்பைத் திறந்து பார்த்தார். யன்னல் கொழுக்கியை மாட்டிக் கழற்றிப் பார்த்தார். பின்கதவின் படியில் கால் வைத்து, "மழைத்தண்ணி உள்ள வராது, படி உயரமா வச்சிருக்கு" என்று தோப்பூர்க்காரருக்கு விளக்கினார். வீட்டைப் பற்றி அவர் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. வெள்ளம் வந்த ஒரு மாரிக்குப் பிறகு அந்தப் படியைத் தன் கையால் உயர்த்தியவர் அவர்.

எல்லாம் பார்த்து முடிந்ததும் என்னிடம் வந்தார். மெல்லிய குரலில், என் மனம் நோகக் கூடாது என்ற கவனத்தோடு சொன்னார்.

"நல்ல வீடுதான் அம்மா. ஒரு குறையும் சொல்ல ஏலாது. ஆனா நான் எடுக்கேல்ல. குறை நினைக்காதேங்கோ. எங்கட வீடே எனக்கு நல்லம்."

தோப்பூர்ப் பெண் முக்காட்டைச் சரி செய்துகொண்டு அவருக்குக் கிட்ட வந்தாள்.

"ஒங்கட ஊடு எங்க ஐயா?"

"கிட்டத்தான். கப்பல் ஊதினாக் கேக்கும். நீலச் சுவர். உள்ளுக்கு வந்தா ஒரு பெரிய அலுமாரி நிக்கும், அதைப் பிடிச்சுக்கொண்டு போகலாம்."

"ஊட்டில யாரு இருக்கிறாங்க?"

"என்ர மனுசி. பிள்ளையள் எல்லாம் போயிட்டுதுகள், அவ தனிய." அவர் யன்னலால் வெளிச்சத்தைப் பார்த்து நேரம் கணித்தார். "கொஞ்சம் கோவக்காரி. ஆனா நான் போகாட்டி அவ சாப்பிட மாட்டா. சமைச்சுப்போட்டுப் பாத்துக்கொண்டு இருப்பா. நான் வெளிக்கிடப் போறன்."

நான் குசினிக்குள் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அழுகைச் சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்று. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் பின்னால் வந்து பைப்பைப் பூட்டினாள்.

"அக்கா, அவரு சொன்னது ஒங்களத்தானே?"

"ஓம்."

என் முதுகில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். வெளியே தரகர் என் கணவரிடம், "ஐயா, நான் கொண்டுபோய் விடுறன், கொஞ்சம் இருங்க" என்று சொல்வது கேட்டது. அவரை மோட்டார்சைக்கிளில் ஏற்றி, கடற்கரைப் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு வந்து திரும்ப இறக்கிவிட்டார். இறங்கியவர் நேராகப் போய்ப் படுத்துவிட்டார்.

விற்பனை இனிச் சரிவராது என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தத் தோப்பூர்க் குடும்பமே வீட்டை எடுத்தது. ஐயா சுவரைத் தட்டிக் காட்டியதால்தான் தன் புருஷனுக்கு நம்பிக்கை வந்தது என்று அவள் பிறகு சொன்னாள். வாடகைச் சோபாவும் காகிதப் பூவும் செய்யாத வேலையை என் கணவர் செய்திருந்தார். நினைத்தால் சிரிக்கலாம். என்னால் இன்றைக்கும் சிரிக்க முடியவில்லை.

நாங்கள் வெளிக்கிட்ட நாள் காலமை நான் வெறும் அறைகளுக்குள் திரிந்தேன். ஒவ்வொரு யன்னலாகச் சாத்தினேன். வாசல் கதவைப் பூட்டி, திறப்பைத் தரகரிடம் கொடுத்தேன். என் கணவர் ஓட்டோவில் முன்னமே ஏறி, காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு இருந்தார்.

"எங்க போறம்?" என்று கேட்டார்.

"வீட்டுக்கு."

அவருடைய முகம் அப்படி மலர்ந்ததை நான் கனநாளாகக் கண்டிருக்கவில்லை. ஒழுங்கை முடியும்வரை நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் ஒரு தடவையும் திரும்பவில்லை. தெரியாத வீடொன்றில் கனநாள் தங்கவைக்கப்பட்டு, கடைசியில் விடுபட்டவர் போல முன்னால் பார்த்துக்கொண்டு வந்தார்.

பாலையூற்று வீட்டில் மருமகன் ஏதோ ஒரு நீலத்தைக் கலந்து அவருடைய அறைக்கு அடித்திருந்தார். அலுமாரியைக் கட்டிலுக்கு வலப்பக்கம் நிறுத்தியிருந்தார்கள். நாங்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் அலுமாரியைத் தடவினார். கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். "எங்களிட்டையும் இப்பிடி ஒண்டு இருக்கு," என்றார்.

அதன் பிறகு வருஷம் ஒன்று போய்விட்டது. தோப்பூர்ப் பெண் இடைக்கிடை அழைப்பெடுத்து, "வந்து பாத்திட்டுப் போங்க அக்கா" என்பாள். நான் போகவில்லை. அந்தப் பக்கம் வேலை இருந்தால் மகளைத்தான் அனுப்புவேன்.

இங்கே ஒவ்வொரு நாளும் பின்னேரம் அவருக்கு ஒரு பதற்றம் வரும். எழும்பிச் சேட்டைப் போடுவார். "இருட்டப் போகுது, நான் வீட்டை போகோணும்" என்பார். முதலில் மறித்துப் பார்த்தேன், கதவைப் பூட்டிப் பார்த்தேன். இப்போது நானும் சீலையை மாற்றிக்கொண்டு கூடவே வெளிக்கிடுகிறேன். முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு மெல்ல நடப்பேன். ஒழுங்கையால் போய், கடையடியில் திரும்பி, மற்றப் பாதையால் வளைந்து எங்கள் படலைக்கே வருவோம். சில நாள், "வந்திட்டம்" என்று உள்ளே போவார். சில நாள் படலையைப் பார்த்துவிட்டு இன்னொரு சுற்று நடப்பார்.

போன கிழமை அப்படி நடந்துகொண்டிருக்கும்போது என் முழங்கால் பிடித்துக்கொண்டது. ஒரு மதகுக் கட்டின் மேல் இருந்துவிட்டேன். அவர் கொஞ்சத் தூரம் போய், நான் வராததைக் கண்டு நின்றார். திரும்பி வந்து எனக்கு முன்னால் குனிந்தார்.

"என்ன அம்மா, ஏலாமல் இருக்கோ?"

"ஓம். கால் நோகுது."

"உங்கட வீடு கன தூரமோ?"

"இல்லை, கிட்டத்தான்."

அவர் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் பார்த்தார். தன்னுடைய வீடு எந்தப் பக்கம் என்று தெரியாத மனிதர். வானம் மங்கிக்கொண்டு வந்தது. அவருக்கு அந்த நேரம் வழமையாக வரும் பதற்றம் அன்று இல்லை.

"அப்ப முதல்ல உங்களைக் கொண்டுபோய் விட்டிட்டு, பிறகு நான் போறன்," என்று சொல்லிக் கையை நீட்டினார்.

நான் அந்தக் கையைப் பிடித்து எழும்பினேன்.